பச்சை மண்டலம் முதல் சாமனப்பள்ளி வரை: கிருஷ்ணகிரி கொரோனாவை எதிர்கொண்ட விதம்

2020 மே 1 அன்று வெளியான மத்திய சுகாதார அமைச்சகத்தின் பட்டியல், நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்றாகப் பிரித்தது. தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களில் 12 சிவப்பு, தருமபுரி உட்பட 24 ஆரஞ்சு. மிச்சமிருந்த ஒரே ஒரு பச்சை, கிருஷ்ணகிரி. மாவட்டமே நிமிர்ந்து நடந்த நாள் அது. "நம்ம ஊருக்குள் வரவில்லை" என்று பால் ஊற்ற வருபவர் முதல் வட்டாட்சியர் அலுவலக ஊழியர் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆந்திராவுக்குப் போய்த் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியானதாக அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் சூளகிரிப் பக்கம் இன்னும் சிலர். பச்சை அழிந்துவிட்டது.

இரண்டு அயல் மாநிலங்களை ஒட்டியிருக்கும் ஒரு மாவட்டத்தில் கணக்கு எப்படி அவ்வளவு நாள் பூஜ்யமாகவே இருந்தது? பூஜ்யம் போன பிறகு மாவட்டத்தைத் தாங்கிப் பிடித்தது எது? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரு பெருந்தொற்றின்போது அரசு தன் பணத்தையும் ஆட்களையும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் எல்லைச் சோதனைச்சாவடியில் கொட்டிய உழைப்பு கொடுத்த பலன் குறைவு. வீட்டு வாசலுக்குப் போன உழைப்புதான் உயிர்களைக் காத்தது.

மாவட்டத்தின் அமைவிடம்

தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டுக்குள் நுழைவது ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியில். கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி. அங்கிருந்து வரும் பெங்களூரு சாலையும் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் கிருஷ்ணகிரியில் வந்து கூடுகின்றன. வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் ஆந்திரா. தளி, அஞ்செட்டிப் பக்கம் போனால் காடும் மலையும், அதற்கப்பால் மறுபடியும் கர்நாடகா.

ஓசூரிலிருந்து மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். பெங்களூருக்கு 40. ஆட்சியர் அலுவலகத்தைவிட அடுத்த மாநிலத்தின் தலைநகரம் பக்கத்தில் இருக்கிறது. வேலை அங்கே, கல்லூரி அங்கே, பெண் கொடுத்த இடமும் அங்கே. புற்றுநோய் என்றால் கித்வாய், நரம்புக் கோளாறு என்றால் நிம்ஹான்ஸ் என்று பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் போவது இந்தப் பக்கத்து மக்கள் பல காலமாக அறிந்த வழி. மக்கள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசி, கடைவீதியில் தமிழ் பேசுவார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இந்தியும் ஒடியாவும் கேட்கும்.

இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் மிக எளியது. அதுவரை உறுதியான தொற்று ஒன்றுகூட இல்லாத மாவட்டமும், கடைசி 21 நாட்களில் புதிய தொற்று இல்லாத மாவட்டமும் பச்சை. உறுதியாக வேண்டுமானால் முதலில் சோதிக்க வேண்டுமே. 2020 மார்ச்சில் கிருஷ்ணகிரியில் எடுத்த சளி மாதிரி மாவட்டத்துக்கு வெளியே இருந்த ஆய்வகத்துக்குப் பயணம் செய்து, முடிவு திரும்பி வர வேண்டியிருந்தது. சென்னையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சோதிக்கும் வாய்ப்பும், கெலமங்கலம் மலையடிவாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சோதிக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல. பச்சை என்ற சொல் நோய் இல்லை என்ற பொருளில் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. நிர்வாகமும் அதைத் திருத்த அவசரப்படவில்லை. முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியது அந்த வாரத்தில்தான்.

கிருஷ்ணகிரி சும்மா இருந்து பச்சையாக இருந்ததாகவும் நினைத்துவிடக் கூடாது. மார்ச் 24 மாலை மாநில ஊரடங்கும், மறுநாள் நாடு தழுவிய ஊரடங்கும் தொடங்கியபோது வருவாய்த் துறை, காவல்துறை, சுகாதாரத் துறை மூன்றும் சாலையில் நின்றன. வெளியூரிலிருந்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஊராட்சிவாரியாக எடுக்கப்பட்டது. அந்தப் பட்டியல்தான் பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

பழைய வழக்கம் ஒன்று

இந்த எல்லைக்கு நோய்க்காவல் புதிதில்லை. 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது ஓசூர் சென்னை மாகாணத்தின் சேலம் ஜில்லாவில் இருந்தது. நோய் கண்ட பகுதிகளிலிருந்து மாகாணத்துக்குள் வருபவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டைக் கொடுத்தார்கள். அதை வைத்திருப்பவர் போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள் அன்றாடம் அதிகாரி முன்னால் போய் நின்று, தான் நலமாக இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ப் பிளேக்குக்காக அவசரமாக இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மறுபடியும் கையில் எடுத்தது.

பிளேக்கின் நினைவு இங்கே வெறும் கதையாக இல்லை. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சந்திக்கும் இந்தப் பகுதி, எலிகளிடையே பிளேக் தங்கியிருக்கக்கூடிய இயற்கை இருப்பிடங்களில் ஒன்றாகச் சுகாதாரத் துறையால் கண்காணிக்கப்படுகிறது. பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களை ஆராயும் மாநில அரசின் நிறுவனம் ஓசூரில் அமைந்திருப்பதும் இந்தப் பின்னணியில்தான்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த சீட்டில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அது ஆளைத் தடுப்பதோடு நிற்காமல், போன இடத்தில் அவரைப் பின்தொடர்ந்தது. 2020இல் பயணத்துக்கு இணையத்தில் வாங்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டான இ-பாஸ் ஆளைத் தடுப்பதில்தான் கருத்தாக இருந்தது.

ஜூஜூவாடியில்

இ-பாஸ் காலத்தில் ஜூஜூவாடியைக் கடந்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. சாலையோரம் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், நீண்ட நோட்டு, கைபேசித் திரையில் இருக்கும் பாஸை உற்றுப் பார்க்கும் காவலர். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவரின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினால் அது காய்ச்சல் என்று சொல்லும். அவரை நிழலில் உட்கார வைத்து, பத்து நிமிடம் கழித்து மணிக்கட்டில் மறுபடி பார்ப்பார்கள். நெற்றி ஆறியதும் அனுப்பிவிடுவார்கள். அறிகுறியே இல்லாமல் தொற்றைச் சுமப்பவர் இந்தச் சோதனையில் எப்படியும் தப்பிவிடுவார் என்பது வெப்பமானி பிடித்தவருக்கும் தெரியும், வண்டியில் வந்தவருக்கும் தெரியும்.

பாஸ் கிடைப்பதற்கான காரணங்கள் திருமணம், மருத்துவம், இறப்பு என்று சுருங்கியிருந்தன. எல்லை தாண்ட வேண்டியவர் தமிழ்நாட்டின் இணையதளத்தில் ஒரு முறை, கர்நாடகத்தின் சேவா சிந்துவில் ஒரு முறை என்று இரண்டு மாநிலங்களிடமும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஓசூரில் குடியிருந்து பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவருக்கு நெருங்கிய உறவினர் யாரும் சாகாமல் வேலைக்குப் போக வழியில்லை என்ற நிலை. கீமோதெரபிக்கு நாள் குறித்திருந்தவர்கள் பட்ட பாடு இன்னும் கொடுமை. மருத்துவக் காரணத்துக்குப் பாஸ் உண்டுதான். ஆனால் அதை வாங்கத் தெரிந்த பிள்ளையும், ஆவணங்களைப் பதிவேற்ற ஒரு கைபேசியும், வாடகைக்கு ஒரு காரும் வேண்டும். தேன்கனிக்கோட்டையில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இந்த மூன்றும் எங்கிருந்து வரும்?

அதே நேரத்தில் ஊர்ப்பாதைகள் திறந்துதான் கிடந்தன. இரண்டு மாநிலங்களின் கிராமங்கள் வரப்பு வழியாகவும் ஏரிக்கரை வழியாகவும் ஒன்றோடொன்று கலந்திருக்கும் இடம் இது. அண்டை மாநிலத்தில் 2020 மே 4 அன்று மதுக்கடைகள் திறந்ததும் எல்லையோரக் கிராமங்களின் வழியே நடந்த போக்குவரத்தைச் சொல்லவே வேண்டாம்.

எல்லையை மூடும் வெறி அப்போது எல்லா இடத்திலும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலூர் மாவட்டத்தில் 2020 ஏப்ரல் இறுதியில் ஆந்திராவுக்குப் போகும் சாலைகளின் குறுக்கே சுவரே கட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள். கர்நாடகம் கேரள எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டியதால் காசர்கோட்டு நோயாளிகள் மங்களூரு மருத்துவமனைக்குப் போக முடியாமல் தவித்தார்கள். ஜூஜூவாடியில் அந்த அளவுக்குப் போகவில்லை. 2020 ஆகஸ்டு 22 அன்று மாநிலங்களுக்கிடையே ஆட்களையும் சரக்கையும் தடுக்கக் கூடாது என்று மத்திய உள்துறை கடிதம் எழுதியது. சில நாட்களில் கர்நாடகம் தன் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டது. தமிழ்நாடு செப்டம்பர் முதல் மாநிலத்துக்குள் இ-பாஸை எடுத்துவிட்டு, வெளிமாநிலத்தவருக்கு மட்டும் தொடர்ந்தது.

ரோஜாவும் பெங்களூராவும்

ஊரடங்கில் விவசாயத்துக்கு விலக்கு உண்டு என்று அரசாணை சொன்னது. தாளில் சரிதான். ஓசூர்ப் பசுமைக்குடில் ரோஜாவுக்கு விலக்கு இருந்து என்ன பயன்? கல்யாணம் இல்லை, கோயில் திருவிழா இல்லை, பூச்சந்தை இல்லை, விமானம் இல்லை. ரோஜாச் செடியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. மொட்டை வெட்டாமல் விட்டால் செடி கெட்டுவிடும். ஆகவே விற்காத பூவைக் கூலி கொடுத்து வெட்டி, குழியில் கொட்டினார்கள். உற்பத்திச் செலவு முழுவதும் அப்படியே இருந்தது, வருமானம் மட்டும் போனது.

மாம்பழத்தின் கதை வேறு. கிருஷ்ணகிரியின் பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. அறுவடை கோடையில் தொடங்கி ஜூலை வரை போகும். ஊரடங்கு சரியாக அதன் மேல் வந்து விழுந்தது. ஆலைக்கு ஆள் வர வேண்டும், லாரி ஓட வேண்டும், எதிர்முனையில் வாங்குபவர் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்றவை அறுந்து கிடக்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விவசாயிகளும் இதே வலியைப் பட்டார்கள்.

நிவாரணமாக 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் ரேஷன் பொருட்களும் கிடைத்தன. 2021இல் மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. பசியை அது ஓரளவு தாங்கியது. தமிழ்நாட்டில் ரேஷன் கடை ஊருக்கு ஊர் இருப்பதன் அருமை அப்போது புரிந்தது. ஆனால் பூவிலும் மாவிலும் போன முதலீடு அட்டைக்கு வரும் தொகையால் திரும்பும் அளவில்லை. தொழில் நட்டத்துக்கும் வீட்டுப் பசிக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது அரசின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

வாசலுக்கு வந்தவர்கள்

இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இல்லாத ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. நோய் வந்த பிறகு சிகிச்சை தரும் துறையும், நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் துறையும் இங்கே தனித்தனி. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் அதன் முதுகெலும்பு. பொது சுகாதாரத் துறை நூற்றாண்டு கண்டது. கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர் என்ற பதவிகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு இதுதான்.

2020 மே மாதத்துக்குப் பிறகு கிருஷ்ணகிரியில் நடந்த வேலையில் பெரும் பகுதி இவர்களுடையது. வெளியூரிலிருந்து வந்தவரின் வீட்டில் அறிவிப்பு ஒட்டுவது, 14 நாட்கள் போய்ப் பார்ப்பது, யாரோடெல்லாம் பழகினார் என்று கேட்டு எழுதுவது, காய்ச்சல் முகாம் நடத்துவது, மாதிரி எடுக்க ஆள் திரட்டுவது. கூடவே அங்கன்வாடிப் பணியாளர், ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர். கபசுரக் குடிநீரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன தூய்மைப் பணியாளர்களையும் சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. விரைவுச் சோதனைகளை நம்பாமல் ஆர்டி-பிசிஆர் சோதனையில் மட்டுமே நிற்பது என்று மாநில அரசு எடுத்த முடிவும் சரியான முடிவு. அதனால் எண்ணிக்கை மேல் நம்பிக்கை இருந்தது.

யாரோடு பழகினீர்கள் என்று காவலர் கேட்டால் மக்கள் மறைப்பார்கள். போன பிரசவத்தைப் பார்த்த செவிலியர் கேட்டால் சொல்வார்கள். தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இதைவிடப் பெரிய கருவி எதுவும் கிடையாது. அவரும் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசத் தெரிந்தவராக இருந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

இதற்கு நேர்மாறாக, தொற்று வந்த வீட்டைத் தகரம் அடித்து மூடிய வழக்கம் பெரும் தீங்கு செய்தது. தெருவே பார்க்கும் அவமானத்துக்கு அஞ்சி, காய்ச்சல் வந்தவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வீட்டுக்குள் முடங்கினார்கள். ஒரு செவிலியர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த நம்பிக்கையை ஒரு தகரத் தட்டி ஒரே நாளில் கெடுத்துவிடும்.

இரண்டாம் அலை

2021 ஏப்ரல் 6இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மே 2இல் வாக்கு எண்ணிக்கை. மே 7இல் புதிய அரசு. இந்த இடைப்பட்ட ஒரு மாதத்தில்தான் பெங்களூரு பற்றி எரிந்தது. அந்த நகரத்தில் மட்டும் ஒரு நாள் தொற்று 20,000த்தைத் தாண்டியது. ஏப்ரல் 27 இரவு முதல் கர்நாடகம் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், கட்டட வேலையிலும் கடைகளிலும் இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கிடைத்த வண்டியில் ஊர் திரும்பினார்கள். முந்தைய ஆண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்த அதே எல்லை வழியாக, நோய் உண்மையிலேயே ஊருக்குள் வந்த வாரங்கள் இவை. தேர்தல் நடத்தை விதிகளுக்குள் அதிகாரிகள் ஓட்டிக்கொண்டிருந்த நிர்வாகம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

மே 10 முதல் முழு ஊரடங்கு, மே 24 முதல் மளிகைக் கடையும் திறக்காத ஊரடங்கு, தெருவுக்கு வந்த காய்கறி வண்டிகள். மே 21 அன்று மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,184. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம், மூச்சுத்திணறலோடு வந்தவர்களைத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கல்லூரி, மாநிலத்தின் வேறு பத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது. பெருந்தொற்றின் மிகக் கொடிய மாதத்துக்கு எட்டு மாதம் பிந்தி.

பத்துப் பேர் வேண்டும்

தடுப்பூசிப் பணியில் மாவட்டத்தின் குணம் முழுமையாகத் தெரிந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நகரத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அஞ்செட்டி மலைக் கிராமம் ஒன்றில் ஏழு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பியைத் திறந்தால் மூன்று பேருக்கான மருந்து வீண். திறக்காமல் விட்டால், கூலியை விட்டுவிட்டு வந்த ஏழு பேர் திரும்பிப் போவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். செவிலியர் குளிர்பெட்டியை மூடி வைத்துவிட்டு, மீதி மூன்று பேரைத் தேடிக் காட்டுக் கொல்லைக்குப் போவார். சிக்னல் இல்லாத இடத்தில், தடுப்பூசி விவரத்தைப் பதியும் கோவின் செயலி திறக்காது. பெயரையும் ஆதார் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து ஏற்ற வேண்டும்.

2021 ஏப்ரல் நடுப்பகுதி வரை தடுப்பூசியை வீணாக்கியதில் தமிழ்நாடு 12.1 சதவீதத்தோடு நாட்டிலேயே முன்னால் நின்றது. செவிலியர்கள்மேல் பழி போட்டவர்கள் உண்டு. ஆள் வராததுதான் காரணம். நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று மறைந்தபோது அச்சம் இன்னும் ஏறியது. அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் தெளிவுபடுத்தியும், அந்தச் செய்தி மலை ஏறவில்லை. இரண்டாம் அலையில் ஊருக்கு ஊர் சாவு விழுந்த பிறகுதான் வரிசை நீண்டது. குப்பியில் பத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் மருந்தையும் கவனமாக உறிஞ்சிப் பதினோராவது ஆளுக்குப் போட்டார்கள் இதே செவிலியர்கள். செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

சாமனப்பள்ளி

கொரோனாவால் இறந்தவர்களின் எண்ணிக்கை அன்றாடம் வெளியானது. சர்க்கரை மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக முடியாமல் உடல் கெட்டவர்களை யாரும் எண்ணவில்லை. பஸ் ஓடாத மாதங்களில் சூளகிரிக் கிராமத்து மூதாட்டி எட்டுக் கிலோமீட்டர் நடந்து மாத்திரை வாங்குவாரா?

2021 ஆகஸ்டு 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளி. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. பச்சை மண்டலப் பெருமையைவிட எங்கள் மாவட்டம் சொல்லிக்கொள்ள வேண்டிய பெருமை இதுதான்.

அந்தத் தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையை ஊதியமாக உயர்த்துவது இன்றைய தேவை. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. அஞ்செட்டியிலும் தளியிலும் தருமபுரியின் சித்தேரி மலையிலும் தலைக்கணக்கோடு நடைதூரத்தையும் சேர்த்துப் பார்த்து நிலையங்களை அமைக்க வேண்டும். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே நோய்க்காலத்தில் ஆட்கள் எப்படிப் போய்வருவது என்பதை இரண்டு மாநிலங்களும் இப்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்: இரண்டுக்கும் செல்லும் ஒரே பாஸ், அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனி வரிசை, நிம்ஹான்ஸுக்கும் கித்வாய்க்கும் போகும் நோயாளிக்குத் தடையில்லா வழி, எல்லை தாண்டி வந்தவரின் விவரம் அன்று மாலைக்குள் அவரது ஊர்ச் செவிலியரின் கைக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு.